கற்பனைச் சுவர்

அலுவலக அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளை ஒட்டிய நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது, அது என்னை வீட்டுக்கு அனுப்புவதற்காக எழுதப்பட்டது என்று. 'பொதுமக்கள் புகார் விசாரணை அலுவலர், நிரந்தரப் பதவி' என்று தலைப்பு. கீழே பொறுப்புகள், அதற்கும் கீழே தகுதிகள். பொறுப்புகள் அத்தனையும் நான் வருஷக்கணக்காகத் தற்காலிக ஊழியராகச் செய்து தேய்ந்தவை. தகுதிகளைப் பார்த்தால் ஒன்றுகூட என் பக்கம் இல்லை.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நகராட்சி ஊழியர்கள் மீது பொதுமக்கள் புகார் கொடுத்தால் அதை விசாரிக்கிற ஆள் நான். போலீஸ் கிடையாது. சீருடை, தடி, அதிகாரம், ஒன்றும் கிடையாது. போய்ப் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், கேட்டதை அறிக்கையாக எழுதிக் கொடுக்க வேண்டும். குப்பை வண்டிக்காரர் கெட்ட வார்த்தையில் திட்டினார் என்பதிலிருந்து, தோண்டிய குழியை மூடாமல் போனதில் கால் உடைந்தது என்பது வரைக்கும் எல்லாம் என் மேஜைக்கு வரும். அலுவலகத்தில் எனக்குப் பட்டப்பெயர் 'மோப்பம்'. நேரில் மேடம், முதுகுக்குப் பின்னால் "மோப்பம் வருது, ஃபைலை மூடு." எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொல்வார்கள். நானும் கேட்டதாகவே காட்டிக்கொள்வேன்.

இப்போது தகுதிகள். 'கட்டுமான வேலையில் அனுபவம் விரும்பத்தக்கது' என்று ஒரு வரி. வாய்க்கு வந்தபடி திட்டியவனை விசாரிக்கக் கட்டுமான அனுபவம் எதற்கு? 'வாகனம் ஓட்டும் உரிமம் கட்டாயம்' என்று இன்னொரு வரி. நான் பஸ்ஸில் போய்த்தான் இத்தனை அறிக்கையும் எழுதினேன் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். பொறுப்புகளின் கடைசியிலும் புதிதாக ஒன்றைச் செருகியிருந்தார்கள். விசாரணை அலுவலர் தம் உறவினர் சம்பந்தப்பட்ட எதையும் விசாரிக்கக் கூடாது. விசாரணையின் நடுவில் அப்படித் தெரிய வந்தால், அந்தக் கணமே நிறுத்தி மேலதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நகராட்சியில் எனக்கு உறவென்று இருப்பது ஒரே ஒருவர். என் அக்கா புருஷன். அவர்தான் திட்டப் பிரிவின் மேலாளர். ரோடு, வடிகால், சுவர், நடைபாதை, எதைக் கட்டினாலும் அவர் கையெழுத்து வேண்டும். வருகிற புகாரில் பாதி அவர் பிரிவு மேலேதான். ஆக, இந்த ஒரு வரியால் அவர் பிரிவுக்குள் நான் இனி மூக்கை நுழைக்க முடியாது. அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'சிமெண்ட்'. ஒரு முடிவில் இறுகிவிட்டால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பதால் வைத்த பெயர்.

அன்று சாயங்காலம் தாளின் நகலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அப்பா கட்டிய வீடு. அக்கா குடும்பம் மேலே, நாங்கள் கீழே. நடுவில் பன்னிரண்டு படிகளும் ஏகப்பட்ட வயிற்றெரிச்சலும். அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இது நீங்க எழுதினதுதானே அத்தான்?"

"கமிட்டி எழுதினது."

"கமிட்டியில யாரு?"

"செயலாளர், பணியாளர் அலுவலர், நான்."

"அவங்க ரெண்டு பேரும் பேனாவுக்கு மை போடக்கூட உங்களைக் கேட்டுத்தான் போடுவாங்க."

அக்கா கரண்டியோடு குறுக்கே வந்தாள். "சாப்பிடற மனுஷன்கிட்ட என்னடி விசாரணை? கீழ ஒருத்தர் வேலையைத் தொலைச்சிட்டு உக்காந்திருக்கார். நீயும் வாயைக் குடுத்துத் தொலைச்சிட்டு வந்து நிக்காத."

அத்தான் தலையை நிமிர்த்தவே இல்லை. "தகுதி இருந்தா விண்ணப்பம் போடு. இல்லன்னா, தகுதி இருக்கறவங்களுக்கு வழி விடு."

தகுதி இருக்கிறவர் யார் என்று நான் கேட்கவில்லை. அவர் பிரிவிலேயே ஒரு ஆமாஞ்சாமி இருக்கிறான். அத்தான் தும்மினால் கைக்குட்டையோடு நிற்பான். அவனிடம் உரிமம் இருக்கிறது, கட்டுமான அனுபவம் இருக்கிறது, முதுகெலும்பு மட்டும் இல்லை. அதைத்தான் தகுதிகளில் யாரும் கேட்கவே இல்லையே.

கீழே உட்கார்ந்திருக்கிற அந்த ஒருத்தர் என் வீட்டுக்காரர். நகராட்சித் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். டேங்கர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். போன மழைக்காலத்தில், தண்ணீர் நிரப்பும் நிலையத்தில், வழக்கம்போல டேங்கரைப் பின்னால் எடுத்தார். அங்கே ஒரு மண் மேட்டைத் தாங்கிக்கொண்டு பெரிய சுவர் ஒன்று நிற்கும். அது அப்படியே சரிந்து டேங்கர் மேல் விழுந்தது. பம்பு ஓட்டுபவரின் கால் நசுங்கியது. என் வீட்டுக்காரர் டேங்கரால் சுவரை இடித்துவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். புகார் கொடுக்கப் பொதுமக்கள் யாரும் இல்லாததால் அது என் மேஜைக்கு வரவே இல்லை. விபத்து என்று வகைப்படுத்தி, திட்டப் பிரிவே விசாரித்து, திட்டப் பிரிவே எழுதியது. அதாவது, சுவரைக் கட்டியவர்களே சுவர் ஏன் விழுந்தது என்று சொன்னார்கள். இடிபாட்டை அன்று சாயங்காலத்துக்குள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். என் வீட்டுக்காரரை வேலையைவிட்டு நீக்கினார்கள்.

ஆரம்பத்தில் அவர், "நான் தொடவே இல்ல. பிரேக் போட்டேன், வண்டி நின்னுச்சு, அப்புறம்தான் விழுந்துச்சு" என்றார். யாரும் கேட்கவில்லை. அப்புறம், "தொட்டிருப்பேனோ?" என்றார். இப்போதெல்லாம், "நான்தானே இடிச்சேன்" என்கிறார். குழாய் ஒழுகினாலும், பால் திரிந்தாலும், மகளுக்குப் பரீட்சையில் மார்க் குறைந்தாலும் "என்னாலதான்" என்பார். எனக்கு அத்தான் மேல் இருக்கிற கோபத்தில் பெரிய பங்கு இதற்குத்தான். வேலையைப் பிடுங்கினால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். ஒரு மனுஷனுக்குத் தன் ஞாபகத்தின் மேலேயே நம்பிக்கை இல்லாமல் பண்ணிவிட்டார்கள்.

ஆக, வீட்டில் சம்பளம் என்று வருவது என்னுடையது மட்டும். அதுவும் மாதாமாதம் நீட்டிக்கிற தற்காலிகச் சம்பளம். நிரந்தரப் பதவிக்கு ஆள் எடுத்ததும் அது நின்றுவிடும். இந்த வேலை எனக்குக் கிடைக்க வேண்டும். வேறு வழியே இல்லை.

வீட்டு முன்னால் எங்கள் பழைய கார் தூசி படிந்து நின்றது. விபத்துக்குப் பிறகு அவர் எந்த வண்டியையும் தொடவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டக் கற்றுக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவார், ஸ்டீயரிங்கில் மட்டும் கை வைக்க மாட்டார். ரிவர்ஸ் கியர் போட வேண்டும் என்றாலே கதவைத் திறந்து இறங்கி நின்றுகொள்வார். அதனாலேயோ என்னவோ ரிவர்ஸ் மட்டும் எனக்கு இன்றுவரைக்கும் சரியாக வராது. தேர்வு அதிகாரி என் முகத்தைப் பார்த்துப் பயந்து கையெழுத்துப் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

நான் ஓட்டிப் பழகியது அந்தத் தண்ணீர் நிலையத்து ரோட்டில்தான், அங்கேதான் கூட்டம் இருக்காது. ஒரு நாள், பழையது விழுந்த இடத்தில் எழுப்பியிருந்த புதுச் சுவரைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்தேன். சுவர் முழுக்க வரிசையாகச் சின்னச் சின்னக் குழாய் ஓட்டைகள்.

"இந்த ஓட்டையெல்லாம் பழைய சுவர்ல இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"தெரியல. ரோட்டைப் பாத்து ஓட்டு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உரிமம் வந்ததும் விண்ணப்பம் போட்டேன். அத்தானுக்கு அது பிடிக்கவில்லை என்பது அக்கா படிக்கட்டில் என்னைப் பார்த்துக் கதவை அடித்துச் சாத்தியதிலேயே தெரிந்தது. கடைசிக் கட்டம் செயல்முறைத் தேர்வு. ஒரு கற்பனைப் புகாரைக் கொடுப்பார்கள். குற்றம் சாட்டப்பட்ட ஊழியராக ஒருவர் நடிப்பார். நாம் அவரை விசாரிக்க வேண்டும். அன்றைக்குக் காலையில் போன பிறகுதான் தெரிந்தது, கற்பனைப் புகாரைத் தயாரித்ததும் அத்தான், ஊழியராக நடிக்கப்போவதும் அத்தான்.

பணியாளர் அலுவலரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அந்த அம்மாவை நாங்கள் 'ரூல்ஸ் அம்மா' என்போம். என் வீட்டுக்காரரை நீக்கிய உத்தரவில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

"அவர் என் அக்கா புருஷன் மேடம். உறவுக்காரங்க கூடாதுன்னு நீங்களே அறிவிப்புல போட்டிருக்கீங்க."

"அது வேலையில சேர்ந்த பிறகு. இது தேர்வு. அவர் மார்க் போட மாட்டார், பதில் மட்டும்தான் சொல்வார்" என்றார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, "உள்ள வந்து உக்காந்த பிறகு, நேரம் முடியறதுக்குள்ள நாற்காலியை விட்டு எழுந்தீங்கன்னா தேர்வு முடிக்கலன்னு எடுத்துக்குவோம். எல்லாருக்கும் ஒரே விதி" என்று சேர்த்துக்கொண்டார்.

எனக்கு முன்னால் ஆமாஞ்சாமி உள்ளே போனான். கதவு வழியாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. வெளியே வந்து, "ரொம்ப ஈஸி மேடம். சார் அழகா ஒத்துழைச்சார்" என்றான். என்னோடு எப்படி ஒத்துழைப்பார் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கூட்ட அறையில் நீள மேஜை. ஒரு ஓரத்தில் செயலாளர், கையில் டீக் கோப்பை. பக்கத்தில் ரூல்ஸ் அம்மா, பேனாவோடு. யார் எது பேசினாலும் ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிற பழக்கமுள்ளவர். எனக்கு எதிரே அத்தான். வீட்டில் மாடியிலிருந்து தும்பைப் பூ மாதிரி சட்டை போட்டுக்கொண்டு இறங்கிப் போனதைக் காலையிலேயே பார்த்தேன். இப்போது அதே சட்டையில் என்னை முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

புகார் இதுதான். நகரத்துப் பூங்கா ஒன்றில் சுவர் இடிந்து விழுந்தது, திட்டப் பிரிவு ஊழியர்கள் ஒழுங்காகக் கட்டவில்லை என்று பூங்காவுக்கு வருகிற ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்குக் கட்டுமானம் தெரியாது என்பதால்தான் அத்தான் சுவரைத் தேர்ந்தெடுத்தார் என்பது புரிந்தது.

"உங்க சுவர் ஏன் விழுந்துச்சு?" என்று ஆரம்பித்தேன்.

"மழை, மேடம்."

"மழை எல்லாச் சுவர் மேலயும்தான் பெய்யுது."

"இந்தச் சுவர் மேல கொஞ்சம் கூடுதலாப் பெஞ்சிருக்கும்."

செயலாளர் டீயோடு சிரித்தார். அத்தானுக்குக் குஷி கூடிவிட்டது.

என் தொழிலில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வித்தை. கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன். எதிரே இருப்பவருக்கு அந்த மௌனம் தாங்காது. எதையாவது சொல்லி நிரப்பப் பார்ப்பார், அப்போது உண்மை வழுக்கி விழும். அன்றும் அப்படியே செய்தேன். "அந்த வேலையை யார் மேற்பார்வை பார்த்தாங்க?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன்.

ஆனால் அத்தான் பல வருஷமாக என்னோடு ஒரே வீட்டில் இருக்கிறவர். அந்த வித்தை அவருக்கு மனப்பாடம். கையைக் கட்டிக்கொண்டு மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். நானும் பார்த்தேன். செயலாளர் நெளிந்தார். ரூல்ஸ் அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஏதோ எழுதினார். என் மார்க் குறைகிற சத்தம் எனக்கே கேட்டது. அத்தானின் உதட்டோரத்தில் மெல்லிய சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எழுந்து அவர் சட்டையில் டீயை ஊற்றலாமா என்றுகூடத் தோன்றியது.

அப்போதுதான் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒன்று ஞாபகம் வந்தது. அத்தானுக்குப் பொய் சொல்ல வரும், கற்பனை மட்டும் வராது. தன் மகளைத் தூங்கவைக்கும்போது கதை சொல்வார். ஒரு ராஜா அரண்மனை கட்டினான் என்று தொடங்கினால், அஸ்திவாரம் எத்தனை அடி என்று சொல்லி முடித்த பிறகுதான் ராணி வருவாள். அந்தக் குழந்தை பாதியிலேயே தூங்கிவிடும். இன்னொன்றும் உண்டு. அவரைத் திருடன் என்று சொல்லுங்கள், சிரிப்பார். அவர் போட்ட தரையில் ஒரு ஓடு கோணல் என்று சொல்லிப் பாருங்கள், அன்றைக்கு ராத்திரி முழுக்க அவருக்குத் தூக்கம் வராது.

எனக்குச் சுவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் அடித்துவிட எனக்கு நன்றாகவே வரும்.

"சரி, விஷயம் புரிஞ்சிருச்சு" என்றேன் பேனா மூடியை மூடியபடி. "பூங்காவுக்கு அழகுக்காகக் கட்டின இடுப்பு உயரச் சுவர். நேரா நிறுத்தத் தெரியாம, ஒரு பக்கமாச் சாஞ்சு நின்னிருக்கு. வேலை தெரியாதவங்க கட்டின சுவர்னு எழுதிக்கறேன்."

மின்விசிறியிலிருந்து அவர் கண் இறங்கியது.

"வேலை தெரியாதவங்களா?"

"பின்ன? இடுப்பு உயரத்தைக்கூட ஒழுங்கா நிறுத்தத் தெரியலையே."

"யார் சொன்னது இடுப்பு உயரம்னு? ரெண்டு ஆள் உயரம். பின்னாடி முழுசா மண் மேடு. அதைத் தாங்கற சுவர்." மேஜையில் கையால் வரைந்து காட்டினார். "சாஞ்சும் நிக்கல. நூல் பிடிச்ச மாதிரி நேரா நின்னுச்சு. சாய்வாத்தான் கட்டணும்னு வரைபடத்துல இருந்துச்சு. ஆனா சாய்வு குடுத்தா அடியில இடத்தைத் தின்னுடும், லாரி திரும்ப இடம் பத்தாது. அதனாலதான் நேரா எழுப்பினோம். இதெல்லாம் வேலை தெரிஞ்சவனுக்குத்தான் புரியும், மேடம்."

செயலாளர் தலையாட்டிக்கொண்டிருந்தார். ரூல்ஸ் அம்மா எழுதிக்கொண்டிருந்தார். பூங்காவுக்குள் லாரி எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நான் மட்டும் பேனா மூடியை மறுபடி திறந்தேன். ரெண்டு ஆள் உயரம், பின்னால் மண் மேடு, முன்னால் லாரி திரும்ப இடம். இந்த ஊரில் அப்படி எத்தனை சுவர் இருக்கிறது?

அடுத்த கேள்வியை எடுத்தேன். புதுச் சுவரில் பார்த்த ஓட்டைகள் கண் முன்னால் நின்றன.

"அப்படியே வெச்சுக்குவோம். ஆனா சுவத்துல விட்டிருந்த ஓட்டையெல்லாம் அடைச்சுக்கிச்சாமே? அதை ஒழுங்கா விடத் தெரியாததும் வேலை தெரியாததுதானே?"

"அடைச்சுக்கிச்சா? விட்டாத்தானே அடைக்கும்!" அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "எதுக்கு ஓட்டை விடறாங்கன்னு உனக்கு முதல்ல தெரியுமா? மேட்டுல இறங்கற மழைத் தண்ணி பின்னாடி தேங்கிச் சுவரைத் தள்ளாம வெளியே வர்றதுக்கு. ஆனா அது வெளியே வந்தா முன்னாடி தரையெல்லாம் சேறாகும், டேங்கர் சக்கரம் வழுக்கும். அதனால ஓட்டையே வேண்டாம்னு நான் சொன்னேன். தெரிஞ்சு எடுத்த முடிவு. தெரியாம இல்ல!"

மேடம் போய் 'உனக்கு' வந்திருந்தது. டேங்கரும் வந்திருந்தது.

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதுக்கே அது எட்டியது. முகத்தில் ஈயாடவில்லை. மேஜையில் வரைந்துகொண்டிருந்த விரல் நின்ற இடத்திலேயே நின்றது. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்ற மிரட்டல்தான் இருந்தது.

"நல்லாப் போகுது, தொடருங்க" என்றார் செயலாளர். ரூல்ஸ் அம்மா என்னைப் பார்த்து முதல்முறையாக லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்குத் தெரியும். இன்னும் ரெண்டு சாதாரணக் கேள்வி, முடிவில் ஒரு நன்றி, அவ்வளவுதான். வேலை என் கையில்.

எனக்கு ஆசை வந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வேலையை வாங்கிக்கொள், மற்றதை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசு சொல்லத்தான் செய்தது. எப்படிப் பார்த்துக்கொள்வது? நாற்காலியில் உட்கார்ந்த மறுநாளே என் வீட்டுக்காரர் எனக்கு உறவினர். நான் தொடக் கூடாது. இந்த அறையை விட்டு வெளியே போனதும் அத்தான் அது நடிப்பு, கற்பனை என்று கையை உதறிவிடுவார். அவர் வாய் திறந்திருப்பது இப்போதுதான். கேட்ட காது நாலும் இங்கேதான் இருக்கிறது. அப்புறம், அந்த மனுஷன் பால் திரிந்ததற்குக்கூட "என்னாலதான்" என்று சொல்வதை இன்னும் எத்தனை வருஷம் நான் கேட்டுக்கொண்டிருப்பது?

"நான் இதோட நிறுத்திக்கறேன்" என்றேன்.

"இன்னும் நேரம் இருக்கே" என்றார் ரூல்ஸ் அம்மா. "எழுந்தா என்ன ஆகும்னு சொல்லியிருக்கேன்."

"தெரியும் மேடம்."

எழுந்தேன். மேஜையைப் பிடித்துக்கொண்டு செயலாளர் பக்கம் திரும்பினேன்.

"விசாரணை நடுவுல உறவினர் சம்பந்தம் தெரிய வந்தா, அந்தக் கணமே நிறுத்தி மேலதிகாரிகிட்ட ஒப்படைக்கணும். அறிவிப்புல இருக்கு. சேர்த்ததே இவர்தான். அடுத்த கேள்வியில என் வீட்டுக்காரர் வர்றார். அதனால அதை நான் கேக்கக் கூடாது. நீங்க கேளுங்க சார். பூங்காவுல டேங்கருக்கு என்ன வேலைன்னு கேளுங்க."

செயலாளர் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் மெதுவான மனிதர், முட்டாள் இல்லை. கொஞ்ச நேரம் அத்தானையே பார்த்தார்.

"இது எந்தச் சுவர்?"

"கற்பனைதான் சார். தேர்வுக்காக."

"கற்பனையில டேங்கர் எதுக்கய்யா வந்துச்சு?"

அத்தான் பதில் சொல்லவில்லை. செயலாளரும் அதற்குமேல் பேசாமல் காத்திருந்தார். என் வித்தையை அவர் எங்கே கற்றார் என்று தெரியவில்லை.

"ஓட்டை வேண்டாம்னு சொன்னது நான்தான்னு சொன்னீங்க. எழுதியிருக்கேன்" என்றார் ரூல்ஸ் அம்மா. குரல் வறண்டிருந்தது. தான் கையெழுத்துப் போட்ட நீக்க உத்தரவு அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிறகு என்னிடம், கண்ணைப் பார்க்காமல், "நீங்க தேர்வை முடிக்கலன்னும் எழுதணும்" என்றார்.

"ரெண்டையும் எழுதுங்க மேடம்."

"குடும்பத்தையே நாசம் பண்ணிட்ட" என்றார் அத்தான், பல்லுக்கிடையில்.

"எந்தக் குடும்பத்தைச் சொல்றீங்க? மேல இருக்கறதா, கீழ இருக்கறதா?"

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். வராந்தாவில் ஆமாஞ்சாமி செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

"என்ன மேடம், சீக்கிரம் முடிஞ்சிருச்சே?"

"உனக்குத்தான் வேலை. வாழ்த்துக்கள். உன் முதல் ஃபைல் உள்ளயே ரெடியா இருக்கு, போய் வாங்கிக்கோ."

அவன் திருதிருவென்று விழித்தான். அன்றைய நாளில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அந்த முழிதான்.

கார் அலுவலகத்தின் பின்பக்கம் நின்றது. குறுகலான சந்து. காலையில் இடம் கிடைத்த அவசரத்தில் முன்பக்கமாகவே நுழைத்துவிட்டிருந்தேன். வெளியே வர வேண்டுமென்றால் ரிவர்ஸ் எடுத்துத்தான் திருப்ப வேண்டும், சந்தின் மறுபக்கம் காம்பவுண்டுச் சுவர். கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் காருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். என் நடையைப் பார்த்ததுமே அவருக்கு முகம் வாடிவிட்டது.

"என்ன ஆச்சு?"

"வேலை போச்சுங்க."

"என்னாலதான்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கைப்பையால் அவர் தோளில் ஒரு அடி வைத்தேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது. "அந்தச் சுவத்துல தண்ணி போக ஓட்டையே விடலையாம். பின்னாடி மழைத் தண்ணி தேங்கித்தான் தள்ளியிருக்கு. ஓட்டை வேண்டாம்னு அத்தான்தான் சொன்னாராம். செயலாளர் முன்னாடி, அவர் வாயாலயே சொன்னார்."

நான் இன்னொரு தடவை சொன்னேன். மூன்றாவது தடவையும் சொன்னேன்.

"அப்ப நான் இடிக்கலையா?"

"நீங்க இடிக்கல."

"பிரேக் போட்டேன். வண்டி நின்னுச்சு." யாரிடமோ ஒப்பிப்பதுபோல் சொன்னார். "நின்ன பிறகுதான் விழுந்துச்சு. நான் அப்பவே சொன்னேன்ல?"

"சொன்னீங்க. மொதல் நாளே சொன்னீங்க."

கைப்பைக்குள் செல்போன் அடித்தது. அக்கா. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. நான் எடுக்கவில்லை. சாயங்காலம் அந்தப் படிக்கட்டுக்குக் கீழே நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கட்டிக்கொள்ளத்தானே போகிறேன். அடுத்த மாதச் சம்பளத்தைப் பற்றி இனிமேல்தான் யோசிக்க வேண்டும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு டிரைவர் பக்கக் கதவைத் திறக்கப் போனேன். அவர் கையை நீட்டினார்.

"சாவியைக் குடு."

கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் இருக்கையைப் பின்னால் தள்ளி, கண்ணாடியைச் சரிசெய்து, கியரில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தார். பிறகு ரிவர்ஸ் போட்டார். கார் மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. சுவர் கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்தது. பிரேக் போட்டார், வண்டி நின்றது. கதவைத் திறந்து இறங்கி, காருக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். சுவருக்கும் காருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அதில் தன் கையை விரித்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்து வண்டியை எடுத்தார்.